கார் ரிமோட் சாவி மக்கர் செய்தால்: கோளாறு பார்ப்பதும் பராமரிப்பதும்

கார் ரிமோட் சாவியின் பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூன்று தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று கெட்டால் மற்ற இரண்டும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எது கெட்டது என்று பார்க்காமல் கடைக்குப் போகிறவர்தான் ஒரு செல் (நாணயம் போன்ற சிறு பேட்டரி) மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுச் சாவி வாங்கி வருகிறார். அதனால் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுக்கும் முன் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

முதலாவது, உலோகச் சாவி. கதவைத் திருகித் திறப்பது அது. ஸ்டார்ட் பட்டன் வைத்த கார்களில் இது ரிமோட்டின் உள்ளே சிறிய பிளேடாக ஒளிந்திருக்கும்.

இரண்டாவது, ரேடியோ ரிமோட். லாக், அன்லாக் பட்டன்களை அழுத்தினால் காருக்குச் சிக்னல் அனுப்புவது. செல் தேவைப்படுவது இதற்குத்தான். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் கார்களில் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடும் கார்களில் 315 மெகாஹெர்ட்ஸ் அதிகம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் ரிமோட், பார்ப்பதற்கு அச்சு அசலாக அதே மாதிரி இருந்தும் உங்கள் காரில் வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். திருகி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இக்னிஷன் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியை நுழைத்ததும் அந்தச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாள எண்ணைச் சொல்கிறது. இந்தச் சிப்புக்குச் செல் தேவையே இல்லை. எண் பொருந்தினால்தான் இன்ஜினுக்கு அனுமதி.

ஸ்டார்ட் பட்டன் கார்களின் ஸ்மார்ட் கீயில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. கதவுக் கைப்பிடியிலும் காருக்குள்ளும் உள்ள ஆன்டெனாக்கள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் மெல்லிய சிக்னல் அனுப்புகின்றன. சாவி எந்நேரமும் அதற்காகக் காது கொடுத்துக் காத்திருந்து, கேட்டதும் ரேடியோவில் பதில் சொல்கிறது. இந்தக் காத்திருப்புக்கும் செல்தான் செலவாகிறது. பட்டனையே தொடாதவர்களின் ஸ்மார்ட் கீயிலும் செல் தீர்ந்துபோவது இதனால்தான்.

எது கெட்டது என்று பார்ப்பது

பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, ஆனால் சாவியைத் திருகினால் இன்ஜின் வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகிறது என்றால் சிப் நன்றாக இருக்கிறது. கோளாறு ரேடியோ ரிமோட்டில். பெரும்பாலானவர்களின் பிரச்சினை இந்த வகைதான், இதில் பெரும்பாலானவை செல்லோடு முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, கதவு திறக்கிறது, ஆனால் இன்ஜின் சுற்றிவிட்டு நின்றுபோகிறது, அல்லது ஓரிரு நொடி ஓடி அணைகிறது, டேஷ்போர்டில் சாவி படமோ பூட்டு போட்ட கார் படமோ வேகமாக மின்னுகிறது என்றால் சந்தேகம் சிப் மேல். செல் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

ஸ்மார்ட் கீயில், பட்டன் வேலை செய்கிறது, ஆனால் கைப்பிடியைத் தொட்டுத் திறக்க முடியவில்லை என்றால் செல் பாதி இறங்கியிருக்கலாம், கைப்பிடியில் உள்ள சிறிய சுவிட்சில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஓட்டுநர் பக்கம் மட்டும் வேலை செய்யாமல் மறுபக்கக் கைப்பிடி வேலை செய்தால் சாவியைக் குறை சொல்ல வேண்டாம். கைப்பிடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த சோதனை இரண்டாவது சாவி. அலமாரியில் தூங்குகிற அந்தச் சாவியை எடுத்து வந்து அழுத்துங்கள். அது வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் கோளாறு காரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு எச்சரிக்கை: வருடக்கணக்கில் தொடாத சாவியின் செல்லும் தீர்ந்திருக்கலாம். புதுச் செல் போட்டுவிட்டுச் சோதித்தால்தான் முடிவை நம்பலாம்.

சாவியைத் திறக்கும் முன் காரைப் பாருங்கள்

காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப் போயிருந்தால் எவ்வளவு நல்ல சாவியாலும் கதவைத் திறக்க முடியாது. பிளேடால் திறந்து உள்ளே போய் விளக்கைப் போடுங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியவே இல்லை என்றாலோ பிரச்சினை கார் பேட்டரியில். மல்டிமீட்டர் இருந்தால், இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற காரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும்.

ஓட்டுநர் கதவில் உள்ள சென்ட்ரல் லாக் பட்டனை உள்ளிருந்து அழுத்திப் பாருங்கள். எல்லாக் கதவும் பூட்டுகின்றன என்றால் பூட்டு மோட்டார்கள் நலம். ஒரே ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை என்றால் அந்தக் கதவின் மோட்டாரோ, கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் ஓடும் ஒயரோ கெட்டிருக்கும். கதவை ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது அந்த ஒயர் மடிந்து மடிந்து உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். ரிமோட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கார் வேண்டுமென்றே பூட்ட மறுக்கும் நேரங்களும் உண்டு. ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தாமல் இருப்பது, இக்னிஷன் அணையாமல் இருப்பது, இன்னொரு ஸ்மார்ட் கீ காருக்குள்ளேயே கிடப்பது. கைப்பையில் மறந்த இரண்டாவது சாவிக்காக சர்வீஸ் சென்டருக்கு நடப்பவர்கள் நிறையப் பேர். கார் பீப் பீப் என்று கத்திப் பூட்ட மறுத்தால் முதலில் பைகளைத் தேடுங்கள்.

செல்: பெயரும் தேர்வும்

செல் இறங்குவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து மீட்டரிலிருந்து திறந்த கதவு, இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது. ஒரே அழுத்தில் நடந்தது மூன்று அழுத்தில் நடக்கிறது. சாவியில் உள்ள சிறிய விளக்கு மங்கலாகிறது. டேஷ்போர்டில் சாவி பேட்டரி குறைவு என்று செய்தி வருகிறது. இதில் எதைக் கண்டாலும் அந்த வாரமே மாற்றிவிடுங்கள். சாதாரண ரிமோட்டில் ஒரு செல் மூன்று நான்கு வருடம்கூட வரும். ஸ்மார்ட் கீயில் ஒன்று முதல் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

செல்லின் முதுகில் உள்ள எண்ணை அப்படியே படித்து வாங்குங்கள். சிஆர் 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். சிஆர் 2025 என்றால் அதே விட்டம், கனம் 2.5. சிஆர் 1620 என்றால் விட்டம் 16, கனம் 2. எல்லாமே 3 வோல்ட்தான். அதனால் 2032 போட வேண்டிய இடத்தில் 2025 போட்டால் உடனே வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் சாவி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வரும். 'சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்யவில்லை' என்ற புகாரோடு வரும் சாவிகளில் இப்படித் தவறான கனத்தில் செல் போட்டவையும் இருக்கின்றன.

எல்ஐஆர் 2032 என்று ஒன்று கடையில் கிடைக்கும். அது ரீசார்ஜ் செய்யும் வகை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும். 3 வோல்ட்டுக்கு வடிவமைத்த சர்க்யூட்டைப் பொசுக்கிவிடலாம். கார் சாவிக்கு அதை ஒருபோதும் போடாதீர்கள்.

போலிச் செல்களும் நிறையப் புழங்குகின்றன. ஐந்து செல் அட்டையை அடிமாட்டு விலைக்கு விற்கும் இடங்களைத் தவிர்த்து, தெரிந்த கடையில், காலாவதித் தேதி அச்சிட்ட உறையில் ஒற்றைச் செல்லாக வாங்குவது நல்லது. சில நிறுவனங்கள் குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கிறது. புதுச் செல் போட்டும் சாவி உயிர் பெறவில்லை என்றால் பூச்சில்லாத செல் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள்.

குழந்தைகள் என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாய் வெந்து ஓட்டை விழலாம். தீர்ந்துபோன செல்லிலும் அந்த அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். கழற்றிய பழைய செல்லை மேசையில் விடாமல் டேப் சுற்றி எட்டாத இடத்தில் வைத்து, மின்னணுக் கழிவோடு கொடுத்துவிடுங்கள்.

செல் மாற்றும் முறை

தேவையானவை: நுனி மெல்லிய பிளாஸ்டிக் நெம்புகோல் அல்லது நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய சிறிய தட்டை ஸ்க்ரூட்ரைவர், சில மாடல்களுக்குச் சிறிய நட்சத்திர ஸ்க்ரூட்ரைவர், பஞ்சுக் குச்சி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், சரியான எண் கொண்ட புதுச் செல். வெளிச்சமான மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். உள்ளிருந்து எகிறும் சிறு ஸ்பிரிங்கோ ரப்பரோ தொலையாது.

1. ஸ்மார்ட் கீ என்றால் பக்கவாட்டில் உள்ள சிறிய தாழ்ப்பாளைத் தள்ளி உலோகப் பிளேடை வெளியே இழுங்கள். பிளேடு இருந்த பள்ளத்துக்குள் ஒரு சிறு பிளவு தெரியும். பெரும்பாலான மாடல்களில் நெம்ப வேண்டிய இடம் அதுதான். மடக்குச் சாவி என்றால் முதுகுப் பக்கம் நாணயம் நுழையும் பள்ளமோ, சிறு திருகோ இருக்கும். திருகைக் கழற்றாமல் நெம்பினால் கூடு உடையும்.

2. நெம்புகோலை நுழைத்துக் குத்தாமல் மெதுவாக முறுக்குங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு ஒரு கொக்கி விடும். பிறகு ஓரத்தைச் சுற்றி நகத்தாலேயே பிரிக்கலாம். ஆழமாகக் குத்தினால் உள்ளே உள்ள சர்க்யூட் போர்டில் பட்டு அந்தச் சாவியே போய்விடும்.

3. திறந்ததும் எதையும் தொடாமல் போனில் ஒரு படம் எடுங்கள். செல்லின் கூட்டல் குறி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

4. பழைய செல்லைப் பிளாஸ்டிக் முனையால் ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள். உலோக முனை பட்டால் இரண்டு துருவமும் இணைந்து ஷார்ட் ஆகும். தொடர்புத் தகடும் வளையும்.

5. தகடுகளைப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். தகடு தட்டையாக அமுங்கிப் போயிருந்தால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்கிவிடுங்கள். அதிகம் வளைத்தால் ஒடிந்துவிடும்.

6. புதுச் செல்லை ஓரத்தைப் பிடித்து எடுங்கள். முகப்பில் விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். படத்தைப் பார்த்து அதே திசையில் வையுங்கள். ரப்பர் வளையம் இருந்தால் அது பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம்தான்.

7. கூட்டை மூடும் முன்பே ஒருமுறை பட்டனை அழுத்தி விளக்கு எரிகிறதா பாருங்கள். பிறகு சுற்றிலும் அழுத்தி மூடுங்கள்.

செல் மாற்றினால் சாவிக்கு மறுபடி கோடிங் போட வேண்டும், அதாவது காரில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சில கடைகளில் சொல்வார்கள். பெரும்பாலான கார்களில் அது தேவையில்லை. சாவியின் அடையாளமும், எத்தனை முறை அழுத்தினோம் என்ற எண்ணிக்கையும் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. கோடிங்குக்குத் தனிக் காசு கேட்டால் காருக்குப் பக்கத்தில் நின்று அழுத்திப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மல்டிமீட்டரில் அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. புதுச் செல் 3 முதல் 3.3 வோல்ட் காட்டும். சும்மா அளந்தால் தீரப்போகும் செல்லும் 2.9, 3 என்று காட்டி ஏமாற்றும். செல் சாவிக்குள் இருக்கும்போதே இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டே அளந்தால் உண்மை தெரியும். அழுத்தியதும் அளவு சட்டென்று சரிந்தால் அந்தச் செல்லுக்குச் சுமை தாங்கும் தெம்பு இல்லை.

புதுச் செல்லுக்குப் பிறகும் வேலை செய்யவில்லை என்றால்

சாவியின் விளக்கு எரிகிறது, கார் மட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால் எண்ணிக்கை பிசகியிருக்கலாம். ஒவ்வொரு அழுத்துக்கும் ரிமோட் ஒரு புதுக் குறியீட்டை அனுப்புகிறது. ஒருமுறை பயன்பட்டது மறுமுறை செல்லாது. சிக்னலைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பித் திருடுவதைத் தடுக்கும் ஏற்பாடு இது. குழந்தை கையில் கிடைத்து, காருக்கு எட்டாத இடத்தில் நூறு முறை அழுத்தப்பட்டால் சாவியின் எண்ணிக்கை காரின் எண்ணிக்கையைவிட வெகுதூரம் முன்னால் போய்விடும். பரவலாகப் பயன்பட்ட கீலோக் என்ற குறியீட்டு முறையில் 16 குறியீடு வரை கார் தானாகவே ஒத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியதும் ஒத்துக்கொள்ளும். அதனால் காருக்குப் பக்கத்தில் நின்று லாக் பட்டனை நிதானமாக இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். பிடிபடாவிட்டால் சாவியை நுழைத்து இக்னிஷனை ஆன் வரை திருப்பி, மறுபடி லாக் அழுத்துங்கள். பல கார்களில் இதுவே போதும். உங்கள் மாடலுக்குத் தனி வரிசை இருந்தால் காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

விளக்கே எரியவில்லை என்றால் சாவி கீழே விழுந்ததா என்று யோசியுங்கள். விழுந்த சாவிகளில் முதலில் விட்டுப்போவது செல்லைத் தாங்கும் தகட்டின் சால்டர் இணைப்பு. போர்டை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு பட்டனைத் தட்டும்போது உயிர் வந்தால் இதுதான் கோளாறு. மொபைல் ரிப்பேர் செய்பவர் ஐந்து நிமிடத்தில் ஒட்டித் தருவார்.

ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்தப் பட்டனுக்கு அடியில் உள்ள சிறிய சுவிட்ச் தேய்ந்திருக்கும். லாக் பட்டன்தான் அதிகம் உழைப்பது, அதுதான் முதலில் போகும். நல்ல சுவிட்ச் 'க்ளிக்' என்று விரலுக்குத் தெரியும். செத்த சுவிட்ச் மொத்தையாக அமுங்கும். அதே அளவுள்ள சுவிட்சை மாற்றி ஒட்டினால் சாவி பழையபடி ஆகிவிடும். மேல் ரப்பர் மட்டும் கிழிந்திருந்தால் வெறும் கூடு மாற்றினால் போதும்.

கூடு மாற்றுகிறவர்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில மாடல்களில் இம்மொபிலைசர் சிப் போர்டில் இருக்காது. அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, கறுப்பு நிறச் சிறு கட்டியாகவோ பழைய கூட்டின் மூலையில் தனியாக ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டால் புதுக் கூட்டில் கதவு திறக்கும், இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. புதுக் கூட்டோடு கார் ஒரு முறை ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கூட்டைத் தூக்கி எறியாதீர்கள். கண்ணாடிக் குழாயை நெம்பும்போது உடைந்தால் திரும்பக் கிடைக்காது. சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை வெட்டி, துண்டோடு சேர்த்து எடுப்பதுதான் சரி.

வழியில் செல் தீர்ந்துவிட்டால்

ஸ்டார்ட் பட்டன் கார் வைத்திருப்பவர்கள் இதை இன்றே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். இரவில், மழையில், முதல் முறையாகச் செய்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

சாவிக்குள் உள்ள பிளேடை எடுத்து ஓட்டுநர் கதவைத் திறங்கள். துவாரம் கண்ணில் படவில்லை என்றால் கைப்பிடியின் ஓரத்தில் உள்ள சிறு மூடிக்கு அடியில் இருக்கும். திறந்ததும் அலாரம் அலறலாம். பயப்பட வேண்டாம், இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் நிற்கும். பிரேக்கை மிதித்து, மேனுவல் கியர் என்றால் கிளச்சையும் மிதித்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். செல் இல்லாமலே வேலை செய்யும் அந்தச் சிப்பை இப்போது பட்டனைச் சுற்றியுள்ள சுருள் படிக்கிறது. ஹூண்டாய் கார்களில் சாவியாலேயே பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் சின்னம் உள்ள பக்கத்தைப் பட்டனில் தொட்டு, பீப் சத்தம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில கார்களில் அந்த இடம் ஸ்டியரிங் தண்டின் உறையிலோ, நடுவில் உள்ள பெட்டியிலோ இருக்கும். உங்கள் காரில் எங்கே என்று கையேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தைப் போனில் படமாக வைத்திருங்கள். கையேடு காருக்குள் பூட்டிக்கிடக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும்.

இடம் மாறினால் சரியாகும் கோளாறு

வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் சாவி, குறிப்பிட்ட ஒரு வளாகத்தில் மட்டும் மக்கர் செய்தால் சாவியைக் கழற்ற வேண்டாம். கேட் ரிமோட், வயர்லெஸ் அழைப்பு மணி போன்ற பல கருவிகள் இதே 433 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பேசுகின்றன. டவர் அடியிலும், ஜாமர் வைத்த இடங்களிலும் சிக்னல் அமுங்கிவிடும். காரை ஒட்டி நின்று அழுத்துங்கள், இல்லையென்றால் பிளேடைப் பயன்படுத்துங்கள்.

காருக்குள்ளேயே இடைஞ்சல் செய்பவையும் உண்டு. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் மலிவு சார்ஜர், பிறகு வாங்கிப் பொருத்திய எல்இடி பல்ப், டேஷ்கேம் ஆகியவை ரேடியோ இரைச்சல் கிளப்பும். வயர்லெஸ் சார்ஜர் பலகைக்கு அருகே ஸ்மார்ட் கீயை வைத்தால் 'சாவி இல்லை' என்று கார் சொல்லும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். சாவியையும் போனையும் ஒரே பையில் ஒட்டி வைப்பதும், இரண்டு கார்களின் சிப் சாவிகளை ஒரே வளையத்தில் மாட்டுவதும் வேண்டாம். இரண்டாவது சிப் இடையில் புகுந்து பேசினால் இம்மொபிலைசர் குழம்பிவிடும்.

தண்ணீரில் விழுந்த சாவி

வாஷிங் மெஷினில் போன சாவியைக் கண்டதும் எல்லோரும் செய்வது, வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது. அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் தனியாகச் சர்க்யூட்டைக் கெடுப்பதைவிட, தண்ணீரும் செல்லின் மின்சாரமும் சேர்ந்து சில மணி நேரத்தில் தாமிரக் கோடுகளை அரிப்பதுதான் அதிகம். உடனே திறந்து செல்லை எடுங்கள். கடல் நீர், சோப்பு நீர், காபி என்றால் போர்டை நல்ல தண்ணீரில், முடிந்தால் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பிறகு 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பல் துலக்கியால் கழுவுங்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு முழு நாளாவது காயட்டும். அரிசி டப்பாவில் புதைப்பதால் பயன் இல்லை, தூசும் மாவும்தான் உள்ளே போகும். சூடான ஹேர் டிரையர் பட்டன் ரப்பரையும் ஒட்டுப் பசையையும் இளக்கிவிடும். காய்ந்த பிறகு பழைய செல்லை விட்டுப் புதுச் செல் போடுங்கள்.

கடலோர ஊர்களில் தண்ணீரில் விழாமலேயே உப்புக் காற்றிலும் வியர்வையிலும் தகடுகள் பச்சை பூக்கும். சாவிக்குப் போடும் சிலிக்கான் உறை கீறலைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். மாதம் ஒருமுறை உறையைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் பிளாஸ்டிக்கில் படக்கூடாது.

வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டியவை

வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் சாவியை விடாதீர்கள். இந்த வகைச் செல்கள் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே வரம்பு வைக்கிறார்கள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு அதைத் தாண்டும்.

ஸ்மார்ட் கீயைக் காரிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள். சுவருக்கு அந்தப் பக்கமே கார் நிற்கும் இடத்தில் சாவியை மாட்டினால், இரண்டும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. சாவியின் செல்லும் கார் பேட்டரியும் சேர்ந்தே இறங்கும். டொயோட்டாவின் பல ஸ்மார்ட் கீகளில், லாக்கை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை தட்டினால் விளக்கு நான்கு முறை மின்னிச் சாவி உறக்கத்துக்குப் போகும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் எழுந்துவிடும். சாவியின் சிக்னலை நீட்டித்துத் திருடும் முறைக்கும் இது நல்ல தடுப்பு.

கதவின் சாவித் துவாரத்தை யாரும் நினைப்பதே இல்லை. ரிமோட் வந்த நாளிலிருந்து தொடாத துவாரத்தில் தூசு இறுகி, தேவைப்படும் நாளில் பிளேடு திரும்பாது. பலம் கொடுத்தால் மெல்லிய பிளேடு உள்ளேயே ஒடியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிளேடால் பூட்டித் திறங்கள். இறுக்கமாக இருந்தால் கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதுங்கள். எண்ணெய் ஊற்றினால் முதல் வாரம் வழுக்கும், பிறகு தூசைப் பிடித்துப் பசையாகிவிடும்.

இரண்டாவது சாவியை வருடக்கணக்கில் பூட்டி வைக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி எடுத்து ஓட்டுங்கள். சாவியோடு வந்த சிறு உலோகத் தகட்டில் ஒரு எண் இருக்கும். பிளேடை வெட்டுவதற்கு அந்த எண் போதும். அதைச் சாவி வளையத்திலோ காரிலோ வைக்காமல் ஆர்சி நகலோடு வீட்டில் வையுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியும் இந்தத் தகடும் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது.

சாவி தொலைந்துவிட்டால்

ஒரு சாவி மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைச் செய்துவிடுங்கள். இருக்கிற சாவியை வைத்துப் புதுச் சாவியைப் பதிவு செய்வது எளிது. எல்லாமே தொலைந்த பிறகு சில கார்களில் இம்மொபிலைசர் பெட்டியையே மாற்ற வேண்டியிருக்கும்; செலவு பல மடங்கு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். டீலர் ஆர்சியும் அடையாள அட்டையும் கேட்பார். உங்கள் இன்சூரன்ஸில் சாவி மாற்றுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் அந்தப் புகார் நகல் கிளெயிமுக்குத் தேவைப்படும்.

புதுச் சாவி போடப் போகும்போது கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துச் செல்லுங்கள். பல கார்களில் பதிவு செய்யும்போது பழைய பட்டியல் அழிந்து, அந்த நேரத்தில் காட்டும் சாவிகள் மட்டுமே சேரும். வீட்டில் விட்டுவந்த நல்ல சாவி அதோடு செல்லாததாகிவிடும். தொலைந்த சாவியை வெளியேற்றுவதும் இதே வழியில்தான். வேலை முடிந்ததும் காரின் நினைவகத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று கேட்டு, ஸ்கேனர் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். கையில் உள்ள எண்ணிக்கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் சிப்பை நீக்கினாலும் தொலைந்த சாவியின் உலோகப் பிளேடு கதவைத் திறக்கத்தான் செய்யும். முகவரி இருந்த பையோடு சாவி களவு போயிருந்தால் கதவுப் பூட்டின் சிலிண்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.